அணை நின்றது, வீடுகள் விழுந்தன

கொய்னா பூகம்பம் எந்தத் தேதியில் நடந்தது? உலகத்து விஞ்ஞான ஏடுகளைப் புரட்டினால் 1967 டிசம்பர் 10 என்று இருக்கும். மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில், கொய்னாநகர்ப் பக்கம் விசாரித்தால் டிசம்பர் 11 என்பார்கள். இரண்டும் சரிதான். பூமி குலுங்கியபோது அங்கே திங்கட்கிழமை அதிகாலை மணி 4.21. கிரீன்விச் கடிகாரத்தில் அது முந்தின நாள் இரவு 10.51. விஞ்ஞானிகள் கிரீன்விச் கணக்கில் எழுதுகிறார்கள். உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் உள்ளூர்க் கணக்கில் நினைவு வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் வித்தியாசம் பெரிய விஷயமில்லை. ஆனால் விஞ்ஞானத்தின் கொய்னா ஒன்றாகவும், மக்களின் கொய்னா வேறொன்றாகவும் இத்தனை ஆண்டுகளாக இருந்து வருகின்றன. இந்த வாரம் அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

முதலில் அந்த அதிகாலை. பூகம்பத்தின் அளவு 6.3. ஊர் முழுக்கத் தூக்கத்தில் இருந்த நேரம். சுமார் 180 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். கொய்னாநகரில் பெரும்பாலான வீடுகள் இடிந்தன, அல்லது குடியிருக்க லாயக்கற்றுப் போயின. சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பம்பாயிலும் கட்டில்கள் ஆடின. கொய்னாவின் மின்நிலையம் நின்றுபோனதால், அதை நம்பியிருந்த பம்பாய்த் தொழிற்சாலைகள் தடுமாறின. அன்று அந்த நகரத்தில் இருந்த பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஞாபகம் இருக்கும்.

103 மீட்டர் உயரமுள்ள கொய்னா அணை மட்டும் நின்றது. உயரமான பகுதிகளில், முன்புறமும் பின்புறமும் கிடைமட்டமாக விரிசல்கள் விழுந்தன. ஆனாலும் அணை நின்றது. அது உடைந்திருந்தால் கீழே கராட் வரைக்கும், அதற்கு அப்பாலும் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ஏன் இந்த இடத்தில் பூகம்பம்? அன்றைய விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்த கேள்வி இதுதான். இமயமலை அடிவாரத்தில் பூமி நடுங்கும், அசாமில் நடுங்கும், கட்ச் பகுதியில் நடுங்கும். தீபகற்ப இந்தியாவோ பழம்பெரும் பாறை, அசையாத கேடயம். பாடப் புத்தகங்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தன. தக்காணத்துக்காரர்களும் அதை நம்பி நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதியை அசைத்தது ஓர் அணைக்கட்டு.

கொய்னா, கிருஷ்ணாவின் துணை ஆறு. மகாபலேஷ்வரம் பக்கம் பிறந்து தெற்கே ஓடி, பிறகு கிழக்கே திரும்பி கராடில் கிருஷ்ணாவோடு கலக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நல்ல மழை இந்தப் பள்ளத்தாக்கில் கொட்டுகிறது. அந்தத் தண்ணீரைத் தடுத்து, மலையைக் குடைந்து மேற்கே கொங்கணப் பக்கம் இறக்கினால் ஏராளமான மின்சாரம் கிடைக்கும். அணை எழுந்தது. சிவாஜி சாகர் என்ற நீர்த்தேக்கம் 1962-ல் நிரம்பத் தொடங்கியது. அதன் கொள்ளளவு 100 டி.எம்.சி.க்கும் மேல். மேட்டூரைவிடப் பெரியது.

தண்ணீர் ஏற ஏற, சுற்று வட்டாரத்தில் அதுவரை இல்லாத ஒன்று ஆரம்பித்தது. நிலத்தடியில் உறுமல். சின்னச் சின்ன அதிர்வுகள். பாத்திரம் உருளும், கதவு தட்டும், பிறகு அடங்கிவிடும். புகார்கள் வந்ததும் அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. புனேயில் உள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் அந்த வட்டாரத்தில் நடுக்கமானிகளைப் பொருத்தியது. நிறைய நடுக்கங்கள் நீர்த்தேக்கத்தை ஒட்டியே மையம் கொண்டிருப்பதைக் கருவிகள் காட்டின. அணைக்கு உள்ளேயும் அதிர்வைப் பதிவு செய்யும் கருவி வைக்கப்பட்டது. இந்தக் கருவியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

1967 செப்டம்பர் 13-ந் தேதி 5-க்கு மேற்பட்ட அளவில் ஒரு நடுக்கம் வந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துப் பெரியது வந்தது.

உடனே தகராறும் வந்தது. அணையால் வந்த பூகம்பம் என்றது ஒரு கட்சி. அது தற்செயல், இயற்கையின் போக்கு என்றது இன்னொரு கட்சி. விவாதம் பாறையைப் பற்றியதாக இருந்தாலும், அடியில் வேறொன்றும் இருந்தது. அணைதான் காரணம் என்றால் பொறுப்பு அரசாங்கத்துடையது. இயற்கை என்றால் விதி. சுதந்திர இந்தியா அணைகளைக் கோயிலாகக் கொண்டாடிய காலம் அது. கோயிலின் மேல் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆனால் கொய்னா தனியாக இல்லை. சீனாவின் சின்ஃபெங்கியாங் நீர்த்தேக்கத்தில் 1962-ல் 6.1. ஆப்பிரிக்காவில், இன்றைய ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையிலுள்ள கரிபாவில் 1963-ல் 6.2. கிரீஸில் கிரெமஸ்டாவில் 1966-ல் 6-க்கு மேல். ஆறே ஆண்டுகளுக்குள், நான்கு வெவ்வேறு நாடுகளில், புதிதாக நிரப்பிய நீர்த்தேக்கங்களுக்கு அடியில் பூமி பலமாக அசைந்திருக்கிறது. நான்காவதாக வந்த கொய்னாதான் இவற்றில் பெரியதாகவும் அதிகம் பேரைக் கொன்றதாகவும் ஆயிற்று. இத்தனையையும் தற்செயல் என்று தள்ள முடியவில்லை.

ஹைதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஹர்ஷ் குப்தாவும் அவருடைய சகாக்களும் 1969 முதல் கொய்னாவைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே இயக்குநரானவர் குப்தா. அண்டார்டிகாவில் இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண் கங்கோத்ரியை நிறுவிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. எத்தனை வேலைகளுக்குப் போனாலும் கொய்னாவுக்குத் திரும்பித் திரும்பி வந்தார்.

அவர்கள் சொன்ன விளக்கம் சுலபமானது. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதிக் கொண்டிருக்கிறது. அந்த மோதலின் நெருக்கம் இமயமலையில் மட்டுமின்றித் தீபகற்பத்தின் பாறைகளிலும் இருக்கிறது. பாறைக்குள் பழைய பிளவுகள் உண்டு. பிளவின் இரு முகங்களும் ஒன்றையொன்று தள்ளிக் கொண்டு, உராய்வின் பலத்தில் நகராமல் நிற்கின்றன. பல இடங்களில் அந்த நிலை விளிம்பில் இருக்கிறது. வண்டி நிறைய ஏற்றியாகிவிட்டது. அச்சு முறிய மயிலிறகு ஒன்று போதும்.

நீர்த்தேக்கம் அந்த மயிலிறகு. தண்ணீரின் பாரம் ஒரு பங்கு செய்கிறது. அதைவிட முக்கியமானது, பாறைப் பிளவுகளுக்குள் இறங்கும் தண்ணீரின் அழுத்தம். அது இரு முகங்களையும் லேசாக விலக்குகிறது. இறுகப் பிடித்திருந்த பிடி தளர்கிறது. பாறை சறுக்குகிறது. அதுதான் பூகம்பம்.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி கிடைத்தது. டென்வர் நகரத்துக்குப் பக்கத்தில் ராணுவத்தின் ரசாயனத் தொழிற்சாலை ஒன்று, கழிவு நீரைச் சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் ஆழமுள்ள கிணற்றுக்குள் செலுத்திக் கொண்டிருந்தது. தொடங்கியது 1962-ல், கொய்னா நிரம்பத் தொடங்கிய அதே ஆண்டு. பூகம்பமே அறியாத டென்வர் வட்டாரம் நடுங்க ஆரம்பித்தது. 1966-ல் கிணற்றை மூடினார்கள். ஆனாலும் உள்ளே போன தண்ணீர் பரவிக் கொண்டிருந்ததால் 1967-ல்தான் அங்கே பெரிய நடுக்கங்கள் வந்தன. பிறகு படிப்படியாக அடங்கிவிட்டது. தண்ணீர், அழுத்தம், காலதாமதம் என்று கொய்னாவின் கதைதான் அங்கேயும்.

இதனால்தான் இன்று விஞ்ஞானிகள் இந்த வகையை நீர்த்தேக்கம் உண்டாக்கிய பூகம்பம் என்று சொல்லாமல், நீர்த்தேக்கம் தூண்டிய பூகம்பம் என்கிறார்கள். சேர்ந்திருந்த விசை பூமியுடையது. அதைத் தட்டிவிட்டது தண்ணீர். இந்தச் சொல் மாற்றத்தில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், தட்டிவிட்டவர் தன் பங்கிலிருந்து நழுவிவிடவும் இந்தச் சொல் இடம் கொடுத்துவிடக் கூடாது.

மற்ற நாடுகளில் நீர்த்தேக்க நடுக்கங்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டன. கொய்னா ஓயவில்லை. ஆறு பத்தாண்டுகளைத் தாண்டியும் தொடர்கிறது. 5-க்கு மேற்பட்ட நடுக்கங்கள் இருபதுக்கு மேல், 4-க்கு மேற்பட்டவை சுமார் இருநூறு, சின்னவை பல்லாயிரம். இத்தனையும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம், 20 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு சின்ன வட்டாரத்துக்குள். 1985-ல் தெற்கே வார்ணா ஆற்றில் இன்னொரு அணை நிரம்பத் தொடங்கியதும் நடுக்கங்களும் தெற்கே பரவின. 1993 டிசம்பரிலும் 1994 பிப்ரவரியிலும் அந்தப் பக்கம் 5-க்கு மேற்பட்ட அதிர்வுகள் வந்தன.

பூகம்ப விஞ்ஞானிக்கு இது கிடைத்தற்கரிய இடம். பூகம்பம் எங்கே வரும் என்று தெரியாமல் உலகமெல்லாம் கருவியை வைத்துக் கொண்டு காத்திருப்பவர்களுக்கு, ஒரு சின்ன வட்டாரத்துக்குள், அதிக ஆழமில்லாமல், ஆண்டுதோறும் மழைக்காலத்தைத் தொடர்ந்து வரும் பூகம்பம். ஜூனில் நீர்மட்டம் ஏறத் தொடங்குகிறது. ஆகஸ்டு, செப்டம்பரில் உச்சம். அதையொட்டி நடுக்கங்கள் கூடுகின்றன. குளிர்காலத்தில் மீண்டும் ஒரு முறை தலை காட்டுகின்றன. தண்ணீர் ஆழத்துக்கு இறங்க எடுத்துக் கொள்ளும் நேரம் அது.

இந்தக் காத்திருப்பிலிருந்து பயனுள்ள பாடமும் கிடைத்தது. நீர்மட்டம் முந்தைய உச்சத்தைத் தாண்டும்போதும், ஒரு வாரத்தில் 12 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறும்போதும், நிறைந்த நிலையில் நீண்ட நாள் நிற்கும்போதும் 5-க்கு மேற்பட்ட நடுக்கங்களுக்கு வாய்ப்பு அதிகம் என்று குப்தா 1983-ல் எழுதினார். அதாவது மதகைத் திறப்பவர் கையில், மழை அனுமதிக்கும் அளவுக்கு, பூகம்பத்தின் கயிறும் கொஞ்சம் இருக்கிறது. உலகத்தில் வேறு எத்தனை பூகம்பத்தைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

2006-ல் ஹைதராபாத் குழு இன்னொரு துணிச்சலான காரியமும் செய்தது. பெரிய அதிர்வுக்கு முன்னால் சிற்றதிர்வுகள் ஒரு குறிப்பிட்ட வகையில் கூடுவதைக் கவனித்து, மே மாதத்தில் சுமார் 4 அளவுள்ள நடுக்கம் வரும் என்று முன்கூட்டியே பதிவு செய்தார்கள். சில நாட்களில் வந்தது. ஆனால் இதைப் பிடித்துக் கொண்டு, பூகம்பத்தை முன்னறிவிக்கலாம் என்று குதிக்க வேண்டாம். கொய்னா ஒரு சின்னக் கூண்டு. உள்ளே இருப்பதைப் பல்லாண்டுகளாகப் பார்த்துப் பழகியவர்கள் சொன்ன கணிப்பு அது. வெட்டவெளியில் அது செல்லாது. இந்தத் தேதியில், இந்த ஊரில், இத்தனை அளவில் பூகம்பம் வரும் என்று நம்பகமாகச் சொல்ல இன்று உலகத்தில் யாராலும் முடியாது. சொல்கிறவர் ஜோசியர்.

அடுத்த கட்டமாக விஞ்ஞானிகள் பூமியைத் துளைக்கப் போனார்கள். மத்திய புவி அறிவியல் அமைச்சகம் கராடில் இதற்கென்றே ஓர் ஆழ்துளை ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவியது. முதலில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் பல துளைகள். பிறகு கோதனே என்ற இடத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழமுள்ள துளை; அது 2017-ல் முடிந்தது. தெருமுனையில் போர் போடுகிற லாரியை நாம் பார்த்திருக்கிறோம். 300 மீட்டரில் தண்ணீர் இல்லையென்றால் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக் கொள்வார். இவர்கள் அதைப் போலப் பத்து மடங்கு போனார்கள். தேடியது தண்ணீரைத்தான் என்றாலும் குடிப்பதற்காக அல்ல.

கிடைத்த செய்திகள் அருமையானவை. தக்காணத்தை மூடியிருக்கும் கருங்கல், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு. அடுக்கடுக்காக உறைந்த அது, துளை போட்ட ஓரிடத்தில் 933 மீட்டர் கனம் இருந்தது. அதற்குக் கீழே என்ன? வண்டல் பாறைகள் இருக்கும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். இல்லை. எரிமலைக் குழம்பு நேராகவே கிரானைட் தரை மேல் உட்கார்ந்திருந்தது. அந்த கிரானைட்டின் வயது 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல். நடுவில் இருநூற்று நாற்பது கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் பக்கங்களை யாரோ கிழித்துக் கொண்டு போன மாதிரி.

முக்கியமான செய்தி இன்னொன்று. மூன்று கிலோமீட்டர் ஆழம் வரையிலும் தண்ணீர் இருந்தது. அதுவும் மழைத் தண்ணீர். சஹ்யாத்ரி மலைமேல் பெய்யும் மழை, பாறைப் பிளவுகள் வழியாக அத்தனை ஆழத்துக்கு இறங்கிச் சுற்றுகிறது. 1960-களில் காகிதத்தில் எழுதிய விளக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்த மாதிரி ஆயிற்று.

இத்தனையும் பெருமைக்குரியவை. கொய்னாவைப் பற்றி எழுதாமல் நீர்த்தேக்கப் பூகம்பத்தைப் பற்றி உலகத்தில் யாரும் பாடம் நடத்த முடியாது. சரி, மக்களின் கொய்னாவுக்கு வருவோம். அணைக்குள் வைத்திருந்த அந்தக் கருவியையும் இப்போது எடுத்துக் கொள்வோம்.

1967-ல் பூகம்பம் வந்த அதிகாலையில் அது வேலை செய்தது. ஒரு திசையில் புவியீர்ப்பின் 63 சதவீதம் அளவுக்கு முடுக்கம் என்று பதிவு செய்தது. அணையை வடிவமைத்தவர்கள் பூகம்பத்துக்காக ஒதுக்கிய கணக்கு வெறும் 5 சதவீதம். இரண்டையும் அப்படியே நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்று பொறியாளர்கள் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் வித்தியாசம் எவ்வளவு என்பது யாருக்கும் புரியும். பலமான பூகம்பத்தின்போது அணையிலேயே கிடைத்த பதிவு அந்தக் காலத்தில் மிக அரிது. இன்றும் உலகத்தின் பல மூலைகளில் அணை வடிவமைப்பைச் சோதிக்கும் மாணவர்கள் கொய்னாவின் அந்த வளைகோட்டைக் கணிப்பொறிக்குள் போட்டுத்தான் பார்க்கிறார்கள். அணையும் பலப்படுத்தப்பட்டது. விரிசல்கள் அடைக்கப்பட்டன. பின்புறம் கான்கிரீட் முட்டுகள் எழுந்தன. சரியான காரியம்.

என் கேள்வி ஒன்றுதான். 1962-லிருந்து நடுங்கிக் கொண்டிருந்த மண்ணில் அணைக்குக் கருவி வைக்கத் தோன்றியது. அந்த மண்மேல் நின்ற வீடுகளுக்கு என்ன வைத்தோம்?

செப்டம்பர் நடுக்கத்துக்கும் டிசம்பர் பூகம்பத்துக்கும் இடையில் மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதத்தில் ஒரு ஊரையே இடித்துக் கட்ட முடியாதுதான். ஆனால் அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் இருந்தன. பள்ளத்தாக்கின் வீடுகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன, எவை முதலில் விழும் என்று பார்க்க நடுக்கமானி வேண்டாம். ஒரு நல்ல கொத்தனார் போதும்.

இது பழைய கதை, அன்று யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிடலாம். அப்படியானால் 1993-க்கு என்ன சொல்வது? லாத்தூர் மாவட்டத்தின் கில்லாரி. அதே மகாராஷ்டிரம், அதே தக்காணம், அசையாது என்று நம்பிய அதே பாறை. 1992-ன் இறுதியில் அங்கே பல சிற்றதிர்வுகள் வந்தன. மக்கள் பயந்தார்கள். அதிர்வுகள் ஓய்ந்தன. பயமும் ஓய்ந்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை மணி 3.56. விநாயகரைக் கரைத்துவிட்டு வந்து அசதியில் படுத்த இரவு. பூகம்பத்தின் அளவு 6.2. கொய்னாவுக்குக் கிட்டத்தட்டச் சமம். இறந்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம்.

180 எங்கே, பத்தாயிரம் எங்கே? மக்கள் நெருக்கம் ஒரு காரணம். மையத்தின் ஆழம், இருப்பிடம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கில்லாரியில் மீட்பு வேலைக்குப் போனவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது சுவர்களைப் பற்றித்தான். உருண்டைக் கற்களை மண் சாந்தில் அடுக்கிய, ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்குக் கனமான சுவர்கள். மேலே மர உத்திரம். அதன்மேல் வெயிலுக்காகக் கொட்டிய கனத்த மண். கோடையில் குளுகுளுவென்று இருக்கும் வீடு. குலுங்கினால் சுவரின் உள்முகமும் வெளிமுகமும் தனித்தனியாகப் பிளந்து சரியும். மண் கூரை மொத்தமாக இறங்கும். அந்த மக்கள் பூகம்பத்தால் சாகவில்லை, தங்கள் வீட்டால் செத்தார்கள்.

கில்லாரியின் பூகம்பத்துக்கும் பக்கத்து நீர்த்தேக்கம்தான் காரணமா என்று ஒரு விவாதம் நடந்தது. பெரும்பாலான விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் நடக்கட்டும். சுவருக்கு அது தெரியாது. இயற்கைப் பூகம்பத்துக்கும் தூண்டிய பூகம்பத்துக்கும் சுவர் ஒரே மாதிரிதான் விழும்.

அதைத் தடுக்கும் வித்தை பெரிய ரகசியம் இல்லை. கல் சுவரில் குறிப்பிட்ட இடைவெளிகளில், ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை ஊடுருவும் நீளக் கற்களை வைக்க வேண்டும். லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி ஒரே தொடராக, கம்பி போட்ட கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். பீப்பாய்க்குப் போட்ட இரும்பு வளையம் போல அது நான்கு சுவர்களையும் சேர்த்துப் பிடிக்கும். மூலைகளைக் கம்பியால் கட்ட வேண்டும். கூரையின் பாரத்தைக் குறைக்க வேண்டும். கல், மண் வீடுகளுக்கான இந்த விதிமுறைகளை இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்டது எந்த ஆண்டு தெரியுமா? 1993. கில்லாரி விழுந்த அதே ஆண்டு. நம் நாட்டில் புத்தகங்கள் நேரத்துக்கு வந்துவிடுகின்றன. கொத்தனாரின் கைக்குப் போய்ச் சேரத்தான் தலைமுறைகள் ஆகின்றன.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. கொய்னா நீர்த்தேக்கத்துக்காகப் பல கிராமங்கள் மூழ்கின. பல்லாயிரம் பேர் ஊரைவிட்டுப் போனார்கள். சிலர் தூரத்து மாவட்டங்களுக்கு; சிலர் தண்ணீருக்கு மேலேயிருந்த மலைச்சரிவுகளுக்கு. அணையின் இரு பக்கத்துக் காடுகளும் 1985-ல் கொய்னா வனவிலங்கு சரணாலயம் ஆயின. வார்ணா நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த சாந்தோலி, 2004-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. இரண்டும் சேர்ந்து 2010-ல் சஹ்யாத்ரி புலிகள் காப்பகம். 2012-ல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இந்தக் காடுகளும் அதில் இடம் பெற்றன. நீர்த்தேக்க வரைபடத்தையும் பூகம்ப வரைபடத்தையும் புலிகள் காப்பக வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் பெரும்பகுதி பொருந்திவிடும்.

அந்தக் காட்டைக் காப்பாற்றியதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. கிளை கிளையாக நுழைந்த நீர்த்தேக்கம் சாலைகளையும் ஆட்களையும் தூர நிறுத்தியது. காட்டெருமையும் கரடியும் கடமானும் பிழைத்தன. புலிகள்தான் மிகச் சொற்பம். அதனால் 2025-ன் கடைசியில் தாடோபாவிலிருந்து பெண் புலியைக் கொண்டு வந்து விடும் வேலை தொடங்கியது. கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி ஒவ்வொரு அசைவையும் கவனிக்கிறார்கள். நல்லது. ஆனால் ஒரு முறை அணைக்காக மலையேறிய சில குடும்பங்களை, இன்னொரு முறை காட்டுக்காகக் கீழே இறங்கச் சொன்னதும் இதே இடத்தில்தான் நடந்தது. கொய்னாவால் இடம் பெயர்ந்தவர்கள் தங்களுக்குரிய நிலத்தைக் கேட்டு அண்மைக் காலம் வரை மறியலும் உண்ணாவிரதமும் நடத்தியிருக்கிறார்கள். பாறையின் ஒவ்வொரு சிணுங்கலையும் பதிவு செய்யும் ஒரு பள்ளத்தாக்கில், இவர்களுடைய குரல் அத்தனை சுத்தமாகப் பதிவாகவில்லை.

விஞ்ஞானிகளைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். பல சமயம் கொடுத்த பணத்துக்கு மேலேயே செய்தார்கள். அறுபது ஆண்டு இடைவிடாத பதிவு என்பது சாதாரணமல்ல. அமைச்சர் மாறுவார், பட்ஜெட் மாறும், பூகம்பம் நடந்த வாரத்தில் கேட்டால் கருவி கிடைக்கும், இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் பேட்டரிக்குக் காசு இல்லை என்பார்கள். அதையெல்லாம் தாண்டி ஒரு பதிவேடு நிற்கிறது. சண்டை போட வேண்டியது அதை நிறுத்துவதற்கு அல்ல. அதிலிருந்து வீடுகளுக்கு ஒரு வழி போடுவதற்கு.

கொய்னா தொலைவில்தானே இருக்கிறது என்று எண்ணுகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபத்தே இல்லாதது என்று கருதப்பட்ட முதலாம் பூகம்ப மண்டலத்தில்தான் கில்லாரி இருந்தது. அந்த அனுபவங்களுக்குப் பிறகு 2002-ல் வரைபடத்தைத் திருத்தியபோது முதலாம் மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள். ஆபத்தே இல்லாத இடம் என்று இந்தியாவில் ஒன்று கிடையாது என்பதை அரசாங்கமே ஒப்புக் கொண்டது. அதே திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது. மும்பை, கொல்கத்தா மூன்றில். தில்லி நான்கில். இதைப் படிக்கிற உங்களில் பெரும்பாலோர் இந்த ஊர்களில் ஒன்றில்தான் இருக்கிறீர்கள். வீடு வாங்கும்போது எத்தனை பேர் கட்டடக்காரரிடம் கிரானைட் சமையல் மேடை உண்டா என்று கேட்டோம்? எத்தனை பேர் எந்த மண்டலத்துக்கு வடிவமைத்தீர்கள் என்று கேட்டோம்?

கொய்னாவில் இந்த ஆண்டும் மழை பெய்யும். ஜூனில் தண்ணீர் ஏறும். செப்டம்பரில் பாறை சிணுங்கும். கருவிகள் அதைப் பதிவு செய்து, கிரீன்விச் நேரத்தைக் குறித்து வைக்கும். அதே நேரத்தில் மலைச்சரிவில் ஏதோ ஒரு வீட்டில் பாத்திரம் உருளும், தூங்குகிற குழந்தையை ஒரு தாய் தூக்கிக் கொண்டு வாசலுக்கு ஓடுவாள். அவள் ஓட வேண்டியதில்லாத ஒரு சுவரை அவளுக்குக் கட்டிக் கொடுக்கும் நாளில்தான் இந்த ஆராய்ச்சி முடிந்ததாகச் சொல்ல முடியும்.